ஊர் உண்டு, பேர் இல்லை

இரண்டு இரவு தங்கிவிட்டு ஒரு நகரத்தைப் பற்றி எழுதுவது குற்றமில்லை. இருபது வருஷம் ஒரே தெருவில் குடியிருந்துவிட்டு அந்தத் தெருவைப் பற்றி உருப்படியாக ஒரு வரி எழுதத் தெரியாதவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. என் சண்டை தங்கிய காலத்தோடு அல்ல. புனோம் பென் நகரத்து இரண்டு இரவுக் கட்டுரைகளுக்கு ஒரு அச்சு ஏற்பட்டுவிட்டது, அந்த அச்சோடுதான். சமீபத்தில் நண்பர் ஒருவர் அப்படி ஒன்றை என் கையில் திணித்தார். முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு ஆசியா சுற்றும் ஒரு ஐரோப்பியத் தம்பதி ஆங்கிலத்தில் எழுதியது. "அனுபவத்தோட நேர்மை இதுல இருக்கு சார். நம்ம ஆளுங்க யாருக்கும் இப்படி எழுத வராது" என்றார். அந்தத் தம்பதியின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவர்களும் கட்டுரையில் எந்தக் கம்போடியரின் பெயரையும் எழுதவில்லை.

கட்டுரையின் போக்கு இது. அங்கோர் பார்த்துவிட்டு சியாம் ரீப்பிலிருந்து பஸ். ஆறு மணி நேரம். மின்விசிறி வைத்த மலிவு அறை. மறுநாள் காலை துவோல் ஸ்லெங் சிறை, மத்தியானம் டுக்-டுக்கில் சோயுங் ஏக் கொலைக்களம். சாயங்காலம் தொன்லே சாப் ஆற்றங்கரையில் பீர். ராத்திரி ஒரு மது விடுதி, மேடையில் ராக் குழு. உலகம் முழுக்க விடுதிகளில் வாசிக்கிற அதே ஏழெட்டு அமெரிக்கப் பாட்டுகள். பிறகு நள்ளிரவுக்குச் சற்று முன் ஒரு "பழைய கெமர் பாட்டு". மனைவி அழுகிறாள். கணவன் ஆடுகிறான். மறுநாள் ராத்திரியும் அங்கேயே போகிறார்கள். மூன்றாம் நாள் ஹோ சி மின் நகரத்துக்குப் பஸ். செத்த நகரம் பாட்டால் உயிர்த்தெழுந்துவிட்டது என்ற கண்டுபிடிப்போடு கட்டுரை முடிகிறது.

காலையில் மண்டையோடு, ராத்திரியில் கிட்டார். பஸ் அட்டவணையும் விடுதி திறக்கும் நேரமும் சேர்ந்து தற்செயலாக அமைத்துக் கொடுத்த இந்த வரிசையைத்தான் தம்பதி அந்த நாட்டின் சரித்திரம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முதலில் சாவு, பின்னால் பாட்டு. நிஜத்தில் நடந்தது நேர் எதிர். பாட்டுதான் முதலில் இருந்தது. பாடியவர்களைத்தான் கொண்டுபோனார்கள். இந்த ஒரு தலைகீழ் மாற்றத்தில் மொத்த விஷயமும் பொய்யாகிவிடுகிறது. எழுத்து நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது அதற்குப் பிறகு வருகிற பிரச்னை.

1953இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து விடுதலை பெற்ற பிறகு புனோம் பென்னுக்கு ஒரு பதினைந்து இருபது வருஷம் கிடைத்தது. நாட்டை ஆண்ட சிஹானூக் தானே பாட்டுக் கட்டுவார், சாக்ஸபோன் வாசிப்பார், சினிமா எடுப்பார் - ஆட்சியைப் பற்றி என்ன சொன்னாலும், பாடகர்களுக்கு அது ஒரு காலம். ஸ்டங் த்ரெங் மாகாணத்திலிருந்து மருத்துவப் பணி படிக்கத் தலைநகரத்துக்கு வந்த சின் சிசமுத், தேசிய வானொலியில் பாட ஆரம்பித்து நாட்டின் குரலாகவே ஆகிப்போனார். பத்தம்பாங்கிலிருந்து வந்தவர் ரோஸ் செரெய் சொதியா. கண்ணாடிக் கம்பி போன்ற உச்சக் குரல். பான் ரோன் குறும்புக்காரி. யோல் ஔலரோங் ஊரைக் கிண்டல் செய்தே பாடினார். பக்சேய் சாம் குரோங் என்று சகோதரர்கள் சேர்ந்து தொடங்கிய கிட்டார் குழு, இங்கிலாந்தின் க்ளிஃப் ரிச்சர்டையும் ஷாடோஸ் குழுவையும் பார்த்துக் கற்றுக்கொண்டது. பிரெஞ்சு மெட்டு, க்யூபாவின் சா-சா-சா, பிறகு சைகோனிலிருந்து அமெரிக்கப் படையினருக்காக ஒலிபரப்பான வானொலியில் வந்த ராக் - எல்லாம் உள்ளே போய், கெமர் குரலின் நெளிவும் சுழிப்பும் கொஞ்சமும் கெடாமல் வெளியே வந்தன.

நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1964இல் 'காதலிக்க நேரமில்லை' படத்துக்கு விஸ்வநாதன்-ராமமூர்த்தி போட்ட பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, ட்விஸ்டும் நம் ஊர்க் குரலும் ஒரே பாட்டில் இருக்க முடியும் என்பதை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் தம்பதிக்கு அது விநோதம். கெமர்காரி ராக் பாடுகிறாள் என்பதே அவர்களுக்கு அற்புதமாகப் படுகிறது. அற்புதம் என்று சொல்லிவிட்டால் பிறகு யார், எப்போது, எப்படி என்று விசாரிக்கத் தேவையில்லை.

1970 மார்ச்சில் சிஹானூக்கைக் கவிழ்த்து லோன் நோல் வந்தார். அமெரிக்க விமானங்கள் 1969 முதல் 1973 வரை கிராமப்புறத்தில் குண்டு போட்டன. அகதிகள் வந்து வந்து தலைநகரம் பிதுங்கியது. அப்போதும் பாடிக்கொண்டிருந்தார்கள், இன்னும் சத்தமாக, இன்னும் கரடுமுரடாக. 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் உள்ளே நுழைந்து, நகரத்தையே காலி செய்து வயலுக்கு விரட்டியது. பணத்தை ஒழித்தார்கள். மத்திய வங்கிக் கட்டிடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ரியால் நோட்டு மறுபடி புழக்கத்துக்கு வர 1980 ஆயிற்று. (தினமும் அடுத்தவர் பணத்தை எண்ணி ஜீவிக்கும் எனக்கு, கல்லூரிக் காலத்தில் இதைப் படித்தபோது கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. நம் தலைமுறை இடதுசாரி அசடுகள் பலருக்கும் இருந்திருக்கும்.) நான்கு வருஷத்துக்கும் குறைவான ஆட்சியில் 17 முதல் 20 லட்சம் பேர் வரை செத்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். சின் சிசமுத், சொதியா, பான் ரோன், ஔலரோங் நால்வரும் அதில் போனார்கள். சிசமுத் எந்த இடத்தில், எந்த நாளில் என்பது இன்றுவரை நிச்சயமில்லை, கதைகள்தான் பல.

தப்பியவர்கள் எப்படித் தப்பினார்கள்? சியெங் வன்தி என்ற பாடகியிடம் 'நீ என்ன தொழில் செய்தாய்' என்று கேட்டிருக்கிறார்கள். வாழைப்பழம் விற்றவள் என்று சொல்லிப் பிழைத்தார். பாடகி என்ற தன் பேரைத் தானே அழித்துக்கொண்டதற்குக் கூலி, உயிர்.

இதை மனசில் வைத்துக்கொண்டுதான் அடுத்த விஷயத்தைப் பார்க்க வேண்டும். துவோல் ஸ்லெங்கில் பேர்கள் இருக்கின்றன. பள்ளிக்கூடமாக இருந்து சிறையான அந்தக் கட்டிடத்துக்குள் கொண்டுவரப்பட்ட 12,000க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றவர்கள், முதலில் போட்டோ எடுத்தார்கள், நம்பர் கொடுத்தார்கள், வாக்குமூலம் எழுதி வாங்கினார்கள், பட்டியலிட்டார்கள். எந்த வங்கி ஆடிட்டரும் மெச்சுகிற பதிவேடு. 1994இல் ஒரு அமெரிக்கச் சுற்றுலாப் பயணி கம்போடியக் கடையில் சில ஒலிநாடாக்களை வாங்கிப்போனார். 1996இல் அவற்றிலிருந்து பொறுக்கி 'கம்போடியன் ராக்ஸ்' என்று ஒரு தொகுப்பு அமெரிக்காவில் வெளிவந்தது. குறுந்தகட்டில் 22 பாட்டு. பாடியவர் பேர் இல்லை, பாட்டின் பேர் இல்லை. நாட்டின் பேர் மட்டும் இருந்தது. கொன்றவன் பேர் எழுதி வைத்தான், ரசித்தவன் எழுதவில்லை. பின்னால் கேட்டவர்கள் வருஷக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டுக்காகப் பேர் கண்டுபிடித்துச் சேர்த்தார்கள்.

அந்தப் பயணி கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தொகுப்பு இல்லாவிட்டால் உலகத்தில் பாதிப் பேர் இந்தப் பாட்டுகளைக் கேட்டிருக்கவே மாட்டார்கள், நான் உட்பட. ஆனாலும் எங்கள் கவுண்டரில் ஒரு வழக்கம் உண்டு. யாருடையது என்று தெரியாமல் பணம் வந்து சேர்ந்தால் அதைச் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். லாபத்தில் சேர்க்க மாட்டோம். பத்து வருஷம் யாரும் தொடாத கணக்கை ரிசர்வ் வங்கிக்கு அனுப்பினாலும், உரியவரோ வாரிசோ வந்து நின்றால் கொடுத்தாக வேண்டும். இந்த அற்ப குமாஸ்தா நேர்மைகூடக் கலை விவகாரத்தில் எதிர்பார்க்கக் கூடாதா? கம்போடிய ராக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் ஓயாமல் உபயோகிக்கும் வார்த்தை 'தொலைந்துபோன'. யாரிடமிருந்து தொலைந்தது? ஊர்க்காரர்கள் தட்டுகளை ஒளித்து வைத்திருந்தார்கள். அகதிகளாகப் போனவர்களோடு பாட்டும் போயிற்று. மூலப் பதிவுகள் பெரும்பாலும் அழிந்த பிறகும் நகலெடுத்து, மேலே டிரம்ஸைக்கூடச் சேர்த்து, நாடாக்களாகச் சந்தையில் விற்றார்கள். அந்தச் சந்தையில்தானே அமெரிக்கர் வாங்கினார்? விற்கிற பொருளைக் கண்டுபிடித்தேன் என்று சொல்ல ஒரு தனி மனோபாவம் வேண்டும்.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். "ரெண்டு நாள் போறவன் ஆராய்ச்சியா சார் பண்ணுவான்? நீங்க புனோம் பென் போனதே இல்லையே, அவங்க போய்ப் பார்த்து, பட்டு எழுதியிருக்காங்க" என்றார். நான் போனதில்லைதான். ஆனால் 'பட்டு எழுதுவது' என்ற இந்த மந்திரத்தைச் சொல்லிச் சொல்லித்தான் தமிழில் விமர்சனம் வாயடைக்கப்பட்டிருக்கிறது. தம்பதி பட்டது என்ன? அழுகை வந்தது, ஆட்டம் வந்தது. இரண்டும் அவர்களுடையவை. பாட்டு அவர்களுடையது அல்ல. தன் அழுகையை இரண்டு பக்கத்துக்கு எழுதத் தெரிந்த ஆள், இடைவேளையில் மேடையிலிருந்து இறங்கி வந்து தண்ணீர் குடிக்கிற அந்தப் பெண்ணிடம் 'இது யார் பாட்டு' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. விடுதியில் கேட்டால் தெரியும், தெருவில் கேட்டாலும் தெரியும். இந்த அலட்சியத்துக்கா அனுபவத்தின் நேர்மை என்று பேர்?

பதினைந்து இருபது வருஷத்துக்கு முன் இதே அச்சில் வந்த கட்டுரைகளில் ஒரு ஏரி இருக்கும் - போங் காக். தண்ணீர் மேல் மரப்பலகை போட்ட விருந்தினர் விடுதிகள், சூரிய அஸ்தமனம், கிட்டார். 2007இல் அந்த ஏரியையும் சுற்றுப்புறத்தையும் 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். 2008இல் மணலைக் கொட்டித் தூர்க்க ஆரம்பித்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. எதிர்த்த பெண்கள் 2012இல் ஜெயிலுக்குப் போனார்கள். இப்போதைய கட்டுரைகளில் ஏரி இல்லை, ஆற்றங்கரை இருக்கிறது. அஸ்தமனம் இடம் மாறியிருக்கிறது, வர்ணனை மாறவில்லை.

வெளியூர்க்காரன் எழுதவே கூடாது என்று நான் சொல்வதாக யாராவது கிளம்புவார்கள். ஜான் பிரோஸி என்ற அமெரிக்கர் ஏறக்குறையப் பத்து வருஷம் அலைந்து ஒரு ஆவணப்படம் எடுத்தார், 2014இல் வந்தது. அதன் தலைப்பே சிசமுத் பாட்டு ஒன்றின் பேர். படம் முழுக்க ஆட்கள், முகங்கள், பேர்கள். வாழைப்பழக் கதையும் அதில்தான் இருக்கிறது. காக் சன்தி என்ற பெண் ப்ரே வெங்கிலிருந்து வேலை தேடித் தலைநகரம் வந்து, கரோக்கே விடுதியில் பாடி, 2009இல் ஒரு ஆஸ்திரேலியரோடு சேர்ந்து 'கம்போடியன் ஸ்பேஸ் ப்ராஜெக்ட்' குழுவைத் தொடங்கினார். பழைய பாட்டோடு நிற்காமல் சொந்தப் பாட்டும் கட்டினார். 2018 மார்ச்சில் டுக்-டுக் விபத்தில் செத்துப்போனார், நாற்பது வயதுகூட ஆகவில்லை. உயிர்த்தெழுதல் என்று சொல்லிப் பாருங்கள் இதை. அது ஒரு பெண் செய்த வேலை. பாதியில் நின்றுபோனது.

தம்பதியை இவ்வளவு திட்டிவிட்டு நம் யோக்கியதையையும் பார்க்க வேண்டும். தமிழில் கம்போடியா என்றால் அங்கோர்தான். போகிறவர் பல்லவ எழுத்தையும் சூரியவர்மனின் 'வர்மனை'யும் கண்டு புளகாங்கிதம் அடைந்து, புனோம் பென்னை விமானத்திலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஒன்பது நூற்றாண்டுக்கு முந்தின ராஜாவின் பேர் நம் வாயில் தேனாக இனிக்கிறது, ஏனென்றால் அது நம் பேர் மாதிரி இருக்கிறது. கெமர் ரூஜ் ஆட்சியில் செத்த பாடகன் பேர் தெரியாது. இதற்குத் தம்பதியே தேவலை. அவர்கள் அந்த நகரத்தில் ராத்திரியாவது தங்கினார்கள்.

நம் சிறுபத்திரிகைகள் ரொம்ப யோக்கியமோ? ஆங்கிலத்தில் கிடைத்ததை எடுத்து 'வியட்நாமியக் கவிதை', 'ஆப்பிரிக்கக் கவிதை' என்று தலைப்புப் போட்டு, கீழே 'தமிழில்' என்று நம் பேரை மட்டும் பளிச்சென்று அச்சடித்து எத்தனை வருஷமாக வெளியிட்டிருக்கிறோம்? நாட்டின் பேர் உண்டு, நம் பேர் உண்டு. நடுவில் இருந்த ஆள் எங்கே? அடுத்த இதழுக்கென்று ஆசிரியர் என்னிடம் பார்க்கக் கொடுத்திருக்கும் மொழிபெயர்ப்புக் கட்டில் 'கம்போடியக் கவிதை' என்று மட்டும் தலைப்பிட்ட ஒரு பக்கம் இருக்கிறது. மொழிபெயர்த்தவர் இந்தக் கட்டுரையைப் படிப்பார். கவிஞர் யார் என்று ஒரு தபால் அட்டை போட்டால் போதும், பக்கத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.