கண்ணுக்குத் தெரியாத கடற்காடு

ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். அதனையொட்டி நாடெங்கும் மரக்கன்றுகள் நடப்படுகின்றன, படங்களும் எடுக்கப்படுகின்றன. ஏறத்தாழ அதே நாள்களில் கேரளக் கடலோரத்தில் வேறொரு பசுமை துளிர்க்கத் தொடங்குகிறது. அதனை நட்டவர் எவருமிலர். தென்மேற்குப் பருவக்காற்று கடலின் மேல்நீரைக் கரையிலிருந்து அப்பால் நகர்த்துகிறது. அவ்விடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. அடியில் தேங்கியிருந்த நைட்ரேட், பாஸ்பேட் முதலிய சத்துகளும் அந்நீரோடு ஏறி வருகின்றன. உரமும் கதிரொளியும் ஒருசேரக் கிடைத்ததும், நீரில் மிதந்து வாழும் நுண்ணிய தாவர உயிர்கள் சில நாள்களிலேயே பன்மடங்காகப் பெருகுகின்றன. அறிவியலார் இவற்றைப் பைட்டோபிளாங்டன் என்பர். தமிழில் தாவர மிதவை உயிரிகள் எனலாம். ஒரு குவளைக் கடல்நீரில் பல்லாயிரம் இருந்தாலும் வெறுங்கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது.

இவற்றைப் புகழ்வோர் பெரும்பாலும் ஒன்றையே கூறுவர்: உலகில் உண்டாகும் உயிர்வளியில் ஏறத்தாழப் பாதி இவற்றின் கொடை என்பது அது. கூற்று பொய்யன்று, ஆயினும் முழுமையானதன்று. கடலில் உண்டாகும் உயிர்வளியின் மிகப் பெரும்பகுதியைக் கடல்வாழ் உயிர்களே பயன்படுத்தித் தீர்த்துவிடுகின்றன. மனிதர் இன்று உள்ளிழுக்கும் உயிர்வளி நெடுங்காலச் சேமிப்பாகும். ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் நீலப்பச்சைப் பாசிகளின் முன்னோர்களால் அது காற்றில் சேரத் தொடங்கியது. அப்பழங்கடனை நினைப்பது நன்றே. எனினும், இவ்வுயிரிகளின் இன்றைய பயனை அறிய, மூச்சைக் காட்டிலும் உணவுத் தட்டைப் பார்ப்பதே பொருத்தம்.

மத்தி மீனை எடுத்துக்கொள்ளலாம். குமரிக் கரையில் சாளை, மங்களூரில் பூத்தாய், மும்பையில் தார்லி என ஊருக்கொரு பெயர் அதற்கு உண்டு. பெரும்பாலான மீன்கள் பிற உயிர்களைத் தின்று வாழ, மத்தியோ தன் செவுள்களிலுள்ள நுண்சீப்பால் நீரை வடிகட்டி, டயாட்டம் என்னும் மிதவைப் பாசியை நேரடியாக உண்கிறது. புல்லை மேயும் பசுவைப் போன்றது அது. பருவமழையில் கடல் பசுமையானால் மத்தி கொழுக்கும். விலை மலிந்த அம்மீனால் எளியோர் வீட்டிலும் சத்துணவு சேரும். மீனெண்ணெயில் உள்ளதாகப் போற்றப்படும் ஒமேகா-3 கொழுப்புகூட மீன் உண்டாக்கியதன்று; அதற்கும் மூலம் இப்பாசிகளே.

கொச்சியிலுள்ள மத்தியக் கடல்மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி, 2012இல் கேரளத்தில் ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021இல் கிடைத்ததோ 3,297 டன் மட்டுமே. கடல்வெப்பம், அளவுக்கு மீறிய பிடிப்பு, இரையின் ஏற்றத்தாழ்வு எனக் காரணங்கள் பல. பின்னர் ஓரளவு மீண்டது என்றாலும், இடைப்பட்ட ஆண்டுகளில் சிறுபடகு மீனவர் பட்ட இன்னல் சிறிதன்று.

கரியமிலவாயுவை ஈர்ப்பதிலும் இவ்வுயிரிகளுக்குப் பங்குண்டு. இறந்தவற்றுள் ஒரு சிறுபகுதி ஆழ்கடலில் மூழ்க, அதனுடன் செல்லும் கரிமம் நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே தங்குகிறது. இன்று வண்டிகளில் எரியும் பெட்ரோலியத்தின் பெரும்பகுதியும் பண்டைக் கடல்களில் மிதந்த நுண்ணுயிர்களின் எச்சமே.

சத்துகளால் இவை பெருகுமெனில், கழிவுநீர் கடலில் கலப்பதும் நன்மைதானே என்று சிலர் வினவக்கூடும். அவ்வாதம் ஏற்கத்தக்கதன்று. கட்டுமீறிப் பெருகிய பாசி மடிந்து அழுகும்போது, நீரிலுள்ள உயிர்வளி தீர்ந்து மீன்கள் மூச்சுத்திணறி இறக்கின்றன. மத்திக்கு உணவாகும் டயாட்டத்தின் இடத்தை வேறு மிதவை உயிரிகள் பிடித்துக்கொள்வதும் உண்டு. சில ஆண்டுகளில் மும்பைக் கடற்கரை அலைகள் இரவில் நீலமாக ஒளிர்வதைக் காண மக்கள் திரள்கின்றனர். அவ்வொளியைத் தரும் நாக்டிலூக்கா டயாட்டங்களையே உண்ணக்கூடியது. காட்சி அழகியதுதான், மீனவருக்கு அது நற்செய்தியன்று.

தில்லியின் யமுனை கங்கையோடும், ஐதராபாத்தின் மூசி கிருஷ்ணையோடும் சேர்ந்து வங்கக்கடலை அடைகின்றன. ஆதலால் கடலை ஒருமுறையும் காணாத நகரத்தாருக்கும் இதில் பொறுப்பு உண்டு. மரம் நடுவோரைப் பாராட்டும் ஊர், தன் கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையத்தையும் பசுமைப்பணியாகவே கருதவேண்டும். அங்கு விழா எடுப்பாரில்லை. ஓராண்டில் எத்தனைக் கன்றுகள் நடப்பட்டன என்று கணக்குக் கேட்போர், எத்தனைக் குடம் கழிவுநீர் தூய்மையாகாமல் ஆற்றில் விழுந்தது என்றும் கேட்பதே முறை.

கடற்பசுமையின் மதிப்பை மீனவர் அறிவர். 1999இல் இந்தியா ஏவிய ஓஷன்சாட்-1 முதற்கொண்டு, கடல்நீரின் நிறத்தை விண்ணிலிருந்து அளக்கும் செயற்கைக்கோள்கள் உள்ளன. பச்சையம் மிகுந்த நீரையும் கடல்வெப்பத்தையும் கணித்து, மீன் கிடைக்கக்கூடிய இடங்களை ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அறிவிக்கிறது. அவ்வறிவிப்பால் வீணான அலைச்சலும் டீசல் செலவும் குறைகின்றன. ஆனால் பருவமழைக் காலத்தில் வானை மேகம் மூடிவிடும். மேற்குக் கடலோரம் மிகப் பசுமையாயிருக்கும் அவ்வாரங்களில், விண்ணிலுள்ள கண்ணுக்கும் அக்காடு சரிவரத் தெரிவதில்லை.