200 மெகாபிக்சலும் ஒரு டியூப்லைட்டும்

வீட்டில் எடுக்கும் படம் சரியாக வரவில்லை என்றால் குற்றவாளி கேமராதான் என்று நம் குடும்பங்கள் தீர்ப்பு எழுதிவிடுகின்றன. பேத்தியின் காதுகுத்து வீடியோ மங்கலாக வந்துவிட்டது, ஆகவே புது போன். கையில் காசு இல்லாவிட்டால் இஎம்ஐ. கடையில் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை மெகாபிக்சல்?", அடுத்தது "4கே இருக்கா?". மூன்றாவது கேள்வியே கிடையாது. எண் கூடினால் படம் கூடும் என்கிற இந்த நம்பிக்கை அடியோடு தவறு. நடுத்தரக் குடும்பத்தின் பணத்தை விழுங்கிவிட்டு, பதிலுக்கு அதே மங்கல் படத்தைத்தான் அது திருப்பித் தருகிறது.

மற்ற ஊர்க்காரர்கள் இதை நம்பினால் பொறுத்துக்கொள்ளலாம். கோடம்பாக்கத்தில் குடியிருப்பவர்கள் நம்புவதுதான் எனக்குத் தாங்கவில்லை. 1948-ல் ஏவி.எம். காரைக்குடியிலிருந்து இங்கே வந்தது. அன்றிலிருந்து ஆற்காடு சாலையின் இரு பக்கமும் படம் பிடித்தே பிழைக்கிறவர்கள் வாழ்கிறார்கள். அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று கொஞ்சம் பாருங்கள். முதலில் ஒளிப்பதிவாளர் யார் என்று முடிவாகும். கேமரா பிறகு நாள் வாடகைக்கு வந்து சேரும். கூடவே ஒரு வண்டி நிறைய விளக்கு, ஸ்டாண்டு, கறுப்புத்துணி, தெர்மாகோல் பலகை எல்லாம் இறங்கும். கேமராவைத் தூக்க இரண்டு பேர் போதும். வெளிச்சத்தைத் தூக்கத்தான் ஆள்படை வேண்டும். லைட்மேன்களுக்கென்று தனிச் சங்கமே இருக்கிற பேட்டை இது.

2012-ல் வெளிவந்த 'வழக்கு எண் 18/9' படம் நினைவிருக்கிறதா? பாலாஜி சக்திவேல் இயக்கி, விஜய் மில்டன் ஒளிப்பதிவு செய்த அந்தப் படத்தை கேனான் 7டி என்ற ஸ்டில் கேமராவில் எடுத்தார்கள். 2009-ல் சந்தைக்கு வந்த அந்தக் கேமராவில் வீடியோவின் உச்ச அளவே 1920-க்கு 1080 தான். பெருக்கிப் பார்த்தால் ஒரு ஃபிரேமுக்கு ஏறத்தாழ 2 மெகாபிக்சல். அது தியேட்டர் திரையில் ஓடியது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது. அதே ஆண்டு வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான 'ஸ்கைஃபால்' எடுக்கப்பட்ட ஆரி அலெக்சா கேமராவின் சென்சாரும் 4கே அளவை எட்டாததுதான்.

"அதிலெல்லாம் சென்சார் பெரிது, லென்ஸ் உசத்தி" என்று சொல்வீர்கள். சரிதான், நானும் அதைத்தான் சொல்கிறேன். வெளிச்சத்தை வாங்கும் பரப்பும், அதைக் கொண்டுவந்து சேர்க்கும் கண்ணாடியும், விழுகிற வெளிச்சமும்தான் படத்தைத் தீர்மானிக்கின்றன. பெட்டியின்மேல் அச்சடித்த எண்ணுக்கு அதில் பெரிய பங்கு இல்லை. 200 மெகாபிக்சல் என்று விற்கப்படும் சாம்சங் எஸ்23 அல்ட்ராவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒவ்வொரு புள்ளியும் 0.6 மைக்ரான் அகலம். அவ்வளவு சின்னப் புள்ளியால் மங்கிய அறையில் போதுமான ஒளியை வாங்க முடியாது. அதனால் 16 புள்ளிகளை ஒன்றாக்கி, சாதாரணமாக 12 மெகாபிக்சல் படத்தையே அந்த போன் தருகிறது. 4-க்கு 6 அங்குலத்தில் தெளிவான பிரிண்ட் போட 2 மெகாபிக்சல் போதும். 4கே டிவியாலும் 8.3 மெகாபிக்சலுக்கு மேல் காட்ட முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது தன் பங்குக்குச் சுருக்கிவிடும். மிச்ச எண்ணுக்கு நாம் கொடுத்த பணம் எங்கே போனது?

காதுகுத்து வீடியோ ஏன் கெட்டது என்று பார்ப்போம். ஹாலின் நடுவில், தலைக்கு மேல் ஒற்றை டியூப்லைட். குழந்தையின் கண்ணில் நிழல். பின்னால் பளீரென்று ஜன்னல். போனை எடுத்தவர் ஜன்னலைப் பார்த்து நின்றார். கேமரா ஜன்னலுக்குக் கணக்குப் பார்த்து முகங்களை இருட்டாக்கியது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்திருக்கும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை யாராவது பிடித்திருந்தால் மீதியும் தீர்ந்திருக்கும். 1956-ல் 'அபராஜிதோ' என்ற வங்காளப் படத்துக்காக அரங்கில் போட்ட காசி வீட்டு முற்றத்தில், துணியில் பட்டுத் திரும்பிய ஒளியைக் கொண்டு பகல் வெளிச்சத்தை உண்டாக்கினார் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா. கிடைத்த இயற்கை ஒளியைக் கொண்டே நம் ஒளிப்பதிவாளர் பாலு மகேந்திரா காட்சிகளை அமைத்தார். அந்த அறிவு சாலிகிராமத்தில் தெருத்தெருவாக இருக்கிறது. பக்கத்து ஃபிளாட்டுக்குள் மட்டும் நுழையவில்லை.

வீடியோவில் கோடு கோடாக ஓடுகிறதே, அதற்கும் கேமராவைத் திட்டுகிறோம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் போட்ட டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 தரம் துடிக்கும். போன்களோ பெரும்பாலும் நொடிக்கு 30 ஃபிரேம் என்ற அமைப்பில் வருகின்றன. அது 60 ஹெர்ட்ஸ் நாடுகளின் வழக்கம். ப்ரோ மோடில் ஷட்டரை 50-ல் ஒரு பங்கு நொடிக்கு வைத்து, வசதி இருந்தால் 25 ஃபிரேமுக்கும் மாற்றினால் அந்தக் கோடுகள் அடங்கும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. கடைக்காரர் இதைச் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

ஒலியைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபமே வருகிறது. தாத்தா பேரனுக்கு ஊர்க்கதை சொல்கிறார். பத்தடி தள்ளி நின்று போனில் எடுக்கிறார்கள். பதிவாவது மின்விசிறியும் குக்கர் விசிலும். அவர் போனபிறகு எத்தனை 4கே கொடுத்தாலும் அந்தக் குரல் கிடைக்காது. இரைச்சலான கேமராக்களோடு வேலை செய்த காலத்திலேயே, அங்கே பதிவாகும் ஒலியை நம்பாமல் டப்பிங் தியேட்டருக்குப் போய்க் குரலைச் சேர்த்தது கோடம்பாக்கம். தாத்தாவை டப்பிங்குக்கு அழைக்க முடியாது. ஆகவே விசிறியை நிறுத்துங்கள். ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு காலர் மைக் வாங்குங்கள். அதுவும் முடியாவிட்டால், பழைய போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு அவர் சட்டைப்பையில் வையுங்கள். கேமரா முன்னால் ஒருமுறை கைதட்டினால் போதும், பிறகு ஒலியையும் படத்தையும் பொருத்திவிடலாம். கிளாப் பலகை இருப்பதே அதற்குத்தான்.

எடுத்ததைக் காப்பாற்றுவதிலும் இந்த எண் மோகம் கெடுதல் செய்கிறது. ஐபோனில் 4கே 60 ஃபிரேமில் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 400 எம்பி. 1080-ல் 30 ஃபிரேமுக்கு 60 எம்பிதான். போன் சீக்கிரம் நிரம்பும், ஏதாவது ஒன்றை அழிப்போம், அழிவது எது என்று அப்போது யோசிப்பதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரை வீடுகளில் ஆல்பங்கள் ஊறிப்போயின. தப்பிய கல்யாண விஎச்எஸ் கேசட்டுகளைப் போட்டுப் பார்க்க இன்று டெக் கிடைப்பது அரிது. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் டெக் உற்பத்தியை நிறுத்தியது. இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி, ஒன்றை வேறு வீட்டில் வைக்க வேண்டும் என்று எந்த விளம்பரம் சொல்கிறது?

விளம்பரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2023 அக்டோபரில் ஆப்பிள் தன் அறிமுக நிகழ்ச்சியை ஐபோனிலேயே எடுத்ததாகப் பெருமையாக அறிவித்தது. உண்மைதான். ஆனால் அவர்களே வெளியிட்ட படப்பிடிப்புக் காட்சிகளில் கிரேனும் பெரிய விளக்குகளும் தொழில்முறைக் குழுவும் தெரிந்தன. நமக்கு விற்பது போனை மட்டும்.

பெரிய கேமரா தேவைப்படுகிறவர்கள் உண்டு. பள்ளிக்கரணையில் பறவைகளைப் படம் பிடிக்கிறவர், அறுபத்துமூவர் உற்சவத்தை இரவில் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து எடுக்கிறவர் தாராளமாக வாங்கட்டும். வீட்டு விசேஷத்துக்காகப் புது போனுக்கு 50,000 ரூபாய் எடுத்து வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் வேறு. இருக்கிற போனையே வைத்துக்கொண்டு ஒரு டிரைபாட், ஒரு காலர் மைக், ஒரு எல்இடி விளக்கு, இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். பாதிக்கு மேல் பணம் மிஞ்சும். அப்படியும் புது போன்தான் வேண்டும் என்றால், ஷோரூமின் பளபள வெளிச்சத்தில் அதைச் சோதிக்காதீர்கள். அங்கே எந்த போனும் நன்றாகத்தான் எடுக்கும். படிக்கட்டுக்குக் கீழே மங்கலான மூலை எங்கே இருக்கிறது என்று கேட்டு, கூட வந்தவரை அங்கே நிற்கவைத்து, பேசச் சொல்லி, ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள். விற்பனையாளர் அனுமதிக்கவில்லை என்றால் வெளியே வந்துவிடுங்கள். உஸ்மான் சாலையில் கடைகளுக்கா பஞ்சம்?