ரூஜ்லியின் இரண்டு கல்லறைகள்

இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டுஷயர் ஜில்லாவில் ரூஜ்லி என்றொரு சிற்றூர். துப்பறியும் கதைப் பிரியர்களிடம் அதன் பெயரைச் சொன்னால் உடனே "டாக்டர் பாமர்!" என்பார்கள்.

பெயர்தான் பாமர்; ஆசாமி பாமரர் அல்ல. லண்டனில் வைத்தியம் படித்தவர். குதிரைப் பந்தயத்தில் கடன் கழுத்தை நெரித்தது. மனைவியின் உயிரை 13,000 பவுனுக்கு இன்ஷூர் செய்தார். 1854-ல் அவள் இறந்தாள். மறு வருஷம் சகோதரர். இந்தத் தடவை கம்பெனி விழித்துக்கொண்டு, பணம் தர மறுத்துவிட்டது! 1855 நவம்பரில், பந்தயத்தில் ஜெயித்து வந்த நண்பர் குக், பாமர் வீட்டுக்கு எதிரிலிருந்த விடுதியில் துடிதுடித்து மாண்டார். எட்டிக் கொட்டையிலிருந்து எடுக்கும் ஸ்டிரிக்னின் விஷம் என்றது பிராசிக்யூஷன். ஆனால் குக்கின் உடலில் அந்த விஷம் அகப்படவேயில்லை. ஊர்ப் போஸ்ட்மாஸ்டரோ, பரிசோதனை செய்த நிபுணரின் கடிதத்தைப் பிரித்துப் படித்துப் பாமருக்குச் சொல்லிக் கம்பி எண்ணினார். ஜில்லாவில் பாரபட்சமற்ற ஜூரி கிடைக்காதென்று தனிச் சட்டமே செய்து, வழக்கை லண்டனுக்கு மாற்றினார்கள். 1856 ஜூன் 14-ல் பாமரைத் தூக்கிலிட்டார்கள்.

அவமானம் தாங்காத ஊரார், ஊர்ப் பெயரை மாற்றித் தரும்படி பிரதம மந்திரியிடம் போனார்களாம். "என் பெயரையே வைத்துக்கொள்ளுங்களேன்" என்றாராம் அவர். அவர் பெயர் பாமர்ஸ்டன்! கட்டுக்கதையாகத்தான் இருக்க வேண்டும்.

என் மனத்தை விட்டு அகலாதது, இதற்கு 16 வருஷம் முந்திய சங்கதி. கிறிஸ்டினா காலின்ஸ் என்ற பெண், லண்டனில் வேலை தேடிக்கொண்ட கணவனிடம் போய்ச் சேர, 1839 ஜூனில் லிவர்பூலிலிருந்து சரக்குப் படகில் புறப்பட்டாள். படகுக்காரர்கள் குடித்துவிட்டுத் தகாத வார்த்தை பேசினார்கள். பயந்துபோய், இறங்கிக் கரையோரமாக நடந்தும் பார்த்தாள். வழியில் கால்வாய்க் கம்பெனிக் குமாஸ்தாவிடம் முறையிட்டாள். பிரயாணம் முடிந்ததும் புகார் செய்யலாம் என்று பதில் வந்தது! பிரயாணம் முடியவில்லை. நள்ளிரவில் ஒரு மதகடியில் அவள் கூக்குரல் கேட்டு விசாரித்தவர்களிடம், புருஷன் கூட இருப்பதாகப் படகுக்காரர்கள் சாதித்துவிட்டார்கள். புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்றால் யார் குறுக்கே போவார்கள்? ஜூன் 17 விடிகாலையில், ரூஜ்லி அருகே கால்வாயில் அவள் உடல் மிதந்தது.

1840-ல் இருவரைத் தூக்கிலிட்டார்கள். மூன்றாமவனை நாடு கடத்தினார்கள். உடலைத் தூக்கிச் சென்ற கல் படிகளுக்கு 'இரத்தப் படிகள்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

உயிரோடு ரூஜ்லியைப் பார்த்திராத அந்தப் பெண்ணுக்கு, ஊரார் சிலர் தங்கள் மாதா கோவில் தோட்டத்தில் கல் நாட்டினார்கள். குக்கின் கல்லறையும் அங்கேதான். பாமரை ஸ்டாஃபோர்டு சிறைக்குள்ளேயே புதைத்துவிட்டார்கள்.