லெனர்டை நேராக்காதீர்கள்

‘மெமெண்டோ’ பற்றிப் பேச்சு வந்தாலே நம்மவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சி, “தலையச் சுத்துது, நோலன் சும்மா சீன் போடுறான்” என்று கைகழுவிவிடும். இன்னொரு கட்சி, யூடியூபில் விளக்கக் காணொளி பார்த்துவிட்டு வந்து, மாமாக் கடை மேசையில் டிஷ்யூ பேப்பரை விரித்து, எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று கோடு போட்டுக் காட்டும். முதல் கட்சியோடு எனக்குச் சண்டை இல்லை. பிடிக்கவில்லை என்கிறார்கள், விட்டுவிடலாம். என் சண்டை இரண்டாவது கட்சியோடுதான். படத்தைக் கொன்றுவிட்டு, புரிந்துகொண்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கவனித்தால் இரண்டு கட்சிக்கும் நம்பிக்கை ஒன்றுதான். உள்ளே நேரான கதை ஒன்று இருக்கிறது, மேலே சுற்றிய காகிதம்தான் இந்தக் கோணல் வரிசை என்று இருவருமே நம்புகிறார்கள். ஒருவருக்குக் காகிதம் எரிச்சல், இன்னொருவருக்கு அதைப் பிரிப்பதில் பெருமை. நான் சொல்வது இதுதான்: இந்தப் படத்தில் வரிசைதான் கதை. அதைப் பிரித்து எடுத்தால் கையில் மிஞ்சுவது வேறொரு படம், அதுவும் சுமாரான படம்.

(இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். முடிவைச் சொல்லாமல் இதை எழுத முடியாது.)

கிறிஸ்டோபர் நோலன் தன் தம்பி ஜொனாதனின் கதைக்கருவை வைத்து எடுத்து 2000இல் வெளிவந்த படம். லெனர்ட் ஷெல்பிக்குப் புதிய நினைவுகள் தங்காது. சில நிமிடங்களில் அழிந்துவிடும். மனைவியைக் கொன்றவனைத் தேடுகிறான். போலராய்ட் படங்கள், அவற்றின் கீழ் எழுதிய குறிப்புகள், உடம்பில் குத்திய பச்சை, இவைதான் அவன் நினைவு. வண்ணக் காட்சிகள் பின்னோக்கிப் போகின்றன, கறுப்பு வெள்ளைக் காட்சிகள் முன்னோக்கி வருகின்றன. படத்தின் முடிவில் இரண்டும் சந்திக்கின்றன.

இந்த வரிசை என்ன வேலை செய்கிறது என்பதற்கு நத்தாலி ஒருத்தியே போதும். அவள் இரக்கத்தால் உதவுவாள் என்று லெனர்டின் குறிப்பு சொல்கிறது. நாமும் நம்புகிறோம். பிறகு ஒரு காட்சியில் முகத்தில் காயத்தோடு வருகிறாள், டாட் என்பவன் அடித்துவிட்டான் என்கிறாள். லெனர்டோடு சேர்ந்து நமக்கும் கோபம் வருகிறது. அதற்குப் பிறகுதான், முன்னால் நடந்ததைப் படம் காட்டுகிறது. வீட்டிலுள்ள பேனாக்களையெல்லாம் அவளே ஒளித்துவைக்கிறாள், அவன் மனைவியைக் கேவலமாகப் பேசி அவனையே அடிக்கவைக்கிறாள். பிறகு வெளியே போய்க் காரில் உட்கார்ந்து, அவன் மறக்கும்வரை காத்திருந்து, திரும்பி வருகிறாள். நேர வரிசையில் பார்த்தால், “பாவம், ஏமாறப் போறான்” என்று மேலே இருந்து பரிதாபப்படுவோம். நோலனின் வரிசையில் ஏமாந்தது நாம்.

நான் பொறியியல் படித்தவன். தொழிற்சாலையில் ஒரு மோட்டார் ட்ரிப் ஆனால், முதல் வேலையே அலாரம் பதிவுகளை நேர வரிசையில் அடுக்குவதுதான். எது முதலில் விழுந்தது என்று தெரிந்தால் காரணம் பிடிபடும். அங்கே அது சரி. அங்கே தேடுவது காரணத்தை. மெமெண்டோவில் கொலைகாரன் யார் என்பது முதல் காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது: லெனர்ட் டெடியைச் சுடுகிறான். பிறகு இரண்டு மணி நேரம் படம் நம்மிடம் கேட்பது, “இவனை நீ ஏன் நம்பினாய்?” என்றுதான். அந்தக் கேள்விக்கு டைம்லைன் வரைந்து பதில் சொல்ல முடியாது.

படத்தின் கடைசிக் காட்சியில் டெடி சில விஷயங்களைச் சொல்கிறான். உண்மையான குற்றவாளியை எப்போதோ கொன்றாயிற்று என்கிறான். அது உண்மையா என்பதைப் படம் உறுதிப்படுத்துவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு லெனர்ட் செய்வதை நாம் கண்ணால் பார்க்கிறோம். டெடியின் படத்தின் பின்பக்கம் அவன் பொய்களை நம்பாதே என்று எழுதுகிறான், அவன் கார் எண்ணைக் குற்றவாளியின் எண்ணாகக் குறித்துக்கொள்கிறான். தெரிந்தே செய்கிறான். மறந்துவிடுவோம் என்ற தைரியத்தில் தனக்குத் தானே பொய் எழுதிக்கொள்கிறான். அவ்வளவு நேரமும் ஆதாரம் என்று நாம் பிடித்துக்கொண்டிருந்தது அந்தப் பொய்யைத்தான். அந்தப் படத்தின் சிறப்பு டிவிடி ஒன்றில், காட்சிகளை நேர வரிசையில் ஓடவிடும் வழியை ஒளித்துவைத்திருந்தார்கள். அப்படிப் பார்த்தால் இந்தக் காட்சி நடுவிலேயே வந்துவிடும். மிச்சப் படம் முழுக்க ஒரு கொலைகாரனைச் சும்மா வேடிக்கை பார்க்கலாம். நமக்கு அதில் பங்கே இல்லை.

தமிழில் இந்தச் சோதனை பெரிய அளவில் நடந்தே முடிந்தது. பெயர் ‘கஜினி’, ஆண்டு 2005. முருகதாஸ் நோயை எடுத்துக்கொண்டார், போலராய்டை எடுத்துக்கொண்டார், பச்சையை எடுத்துக்கொண்டார். வரிசையை விட்டுவிட்டார். டைரி, ஃபிளாஷ்பேக், காதல், பழிவாங்கல் என்று நமக்குப் பழகிய பாதை. கல்பனாவாக அசின் வரும் காட்சிகளை இன்றும் ரசித்துப் பார்ப்பேன், அதில் பாசாங்கு வேண்டாம். ஆனால் வரிசை போனதும் எது கூடவே போனது என்று பாருங்கள். சந்தேகம் போய்விட்டது. சஞ்சய் ராமசாமியை ஏமாற்றப் பார்ப்பவர்கள் வில்லன்கள், அவன் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வதில்லை. பழிவாங்குபவனின் நினைவை நம்பலாமா என்று ஒரு படம் கேட்டது, தாராளமாக நம்பு, விசில் அடி என்று இன்னொரு படம் சொன்னது.

உடனே ஒரு பதில் வரும்: “நம்ம ஆளுங்களுக்குப் புரியாது பாஸ்.” இதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 1954இல் எஸ். பாலசந்தர் ‘அந்த நாள்’ எடுத்தார். பாட்டே கிடையாது. ரேடியோ பொறியாளனாக வரும் சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுவதில்தான் படமே தொடங்குகிறது. பிறகு ஆளுக்கொரு விதமாக அவனைப் பற்றிச் சொல்லச் சொல்ல, செத்தவன் யார் என்பது மாறிக்கொண்டே போகிறது. நம் தாத்தா பாட்டிகள் முன்னால் வைத்த கதைமுறையை, பேரப்பிள்ளைகளுக்குப் புரியாது என்கிறோம்.

இது ஒரு படத்தோடு முடிகிற வியாதியாக இருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். நம் நூல் விமர்சனங்களைப் பாருங்கள். நாவல் எங்கே தொடங்கினாலும் சரி, விமர்சகர் அதை நாயகனின் பிறப்பிலிருந்து இறப்புவரை நேராக அடுக்கி, கதைச் சுருக்கம் சொல்லி, “மொழிநடை சிறப்பு” என்று முடித்துவிடுகிறார். எழுத்தாளர் ஏன் மரணத்திலிருந்து தொடங்கினார், ஏன் ஒரு விஷயத்தை நூறு பக்கம் மறைத்தார் என்ற கேள்வியே எழுவதில்லை. சுருக்கம் தெரிந்தால் நாவல் தெரிந்துவிட்டதாம்.

முடிவு தெரிந்த பிறகு வரிசைக்கு என்ன மதிப்பு என்று கேட்பீர்கள். இரண்டாவது முறை பார்த்துவிட்டுக் கேளுங்கள். நத்தாலி காயத்தோடு உள்ளே வரும்போது உங்களுக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் ஒரு கணம் அவள் மேல் இரக்கம் வரும். அந்த ஒரு கணத்தை எந்த விளக்கக் காணொளியும் உங்களுக்குக் கொடுக்காது. டிஷ்யூ பேப்பரை வாய் துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.