நூல் யார் கையில்?

ஆகஸ்ட் 7, தேசியக் கைத்தறி தினம். 2015 முதல் அரசு கொண்டாடி வருகிறது. 1905இல் அதே தேதியில் கல்கத்தா டவுன் ஹாலில் அந்நியத் துணியைப் புறக்கணிக்கும் சுதேசிப் பிரகடனம் எழுந்ததன் நினைவு அது.

அந்தப் போராட்டத்தில் நம்மவர் பங்கு குறைந்ததல்ல. பாரிஸ்டர் அப்துல் ரசூல் 1906இல் பாரிசால் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார். அம்மாநாட்டைப் போலீஸ் தடியடியால் கலைத்தது. கவிஞரான மௌலானா ஹஸ்ரத் மோஹானி அலிகரில் சுதேசித் துணிக்கடையே வைத்து நடத்தினார். அலி சகோதரர்களின் தாயார் பீ அம்மாள் முதிய வயதிலும் ஊர் ஊராகச் சென்று கதருக்காகப் பேசினார்.

ஆனால், லாபம் யாருக்குப் போனது? வங்காளத்தில் கைத்தறிக்குக் கொஞ்ச காலம் கிராக்கி கூடியது உண்மை. அதே நேரத்தில் பம்பாய் மில் முதலாளிகள் வேட்டி விலையை ஏற்றிக் காசு பார்த்தார்கள். கிழக்கு வங்காளத்து ஏழைக் குடியானவன் மலிவான துணியை வாங்கவிடாமல் ஜமீன்தார்களின் ஆட்களால் தடுக்கப்பட்டான். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். தேசபக்தியின் செலவு அவன் தலையில்!

அடுத்து வந்தது கதர். கையால் நூற்றுக் கையால் நெய்தால்தான் கதர். மில் நூலைத் தறியில் ஏற்றினால் அது கதர் இல்லை. பனாரஸ், மவு, முபாரக்பூர் அன்சாரி நெசவாளர்களோ மில் நூலையும் பட்டையும் நம்பிப் பிழைத்தவர்கள். கைநூல் அடிக்கடி அறும்; வேலை ஓடாது, கூலியும் கிடைக்காது. மேடையில் ராட்டைக்கு மாலை விழுந்தபோது தறிக்குழியில் இருந்தவனை யார் கேட்டார்கள்? மௌலானா ஆசிம் பிஹாரி போன்றோர் மோமின் கான்பரன்ஸ் என்று தனி அமைப்புக் கண்டது சும்மா அல்ல. பின்னாளில் பிரிவினைக் கோரிக்கையை எதிர்த்து நின்றதும் அதே அமைப்புத்தான். (இதைப் பாடப்புத்தகத்தில் தேடிப் பாருங்கள்!)

இன்றும் முடிச்சு நூலில்தான். மில்கள் தம் நூலில் ஒரு பகுதியைக் கைத்தறிக்கென சிட்டா நூலாகத் தர வேண்டும் என்பது விதி. 50 சதவீதமாக இருந்தது 2003இல் 40 ஆயிற்று, 2019இல் 30 ஆயிற்று. 1985 சட்டத்தின் கீழ் கைத்தறிக்கு ஒதுக்கிய 22 ரகங்கள் 11 ஆகச் சுருங்கின. அகில இந்தியக் கைத்தறி வாரியத்தையே 2020இல் கலைத்துவிட்டார்கள். 2019-20 கணக்கெடுப்பின்படி தறித் தொழிலில் 35 லட்சம் பேர். மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்களுக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்குள்.

அரசைக் கேட்போம், கேட்க வேண்டும். அதோடு ஜவுளிக்கடை வைத்திருக்கும் சகோதரர்களையும் கேட்கிறோம். மிச்சமுள்ள அந்த 11 ரகங்களில் கைலியும் உண்டு. உங்கள் அலமாரியில் ‘கைத்தறி’ என்று அடுக்கியிருக்கும் கைலியில் எத்தனை விசைத்தறியில் ஓடியது? கைத்தறி முத்திரை 2006இலிருந்து இருக்கிறது. முத்திரை உள்ள சரக்கைத் தனித்தட்டில் வையுங்கள். விசைத்தறிச் சரக்கை அதன் பெயர் சொல்லியே விற்றுக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை. பெருநாள் வியாபாரத்துக்கு எடுத்த சரக்கின் பணத்தைப் பெருநாளுக்கு முன்பே நெசவாளியிடம் சேர்த்துவிடுங்கள். அவன் வீட்டிலும் பெருநாள் வருகிறது.