வயிற்றை மறந்த பட்டியல்

காய்ச்சல், இருமல், மணமும் சுவையும் தெரியாமல் போவது. 2020-ல் பிரிட்டனில் கொரோனா என்றால் இந்த மூன்றுதான். மூன்றில் ஒன்றாவது இருந்தால் பரிசோதனைக்குப் போகலாம். இல்லாவிட்டால் வீட்டில் இருக்கலாம். பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு ஓரளவு சரியாகவே இருந்தது. ஆனால் குழந்தைகளுக்கு?

ஐந்து வயதுக் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் என்ன சொல்லும்? "வயிறு வலிக்குது" என்றுதான். சாப்பாட்டைத் தள்ளிவிடும். வாந்தி எடுக்கும். இரண்டு மூன்று முறை வயிற்றால் போகும். வீட்டில் உள்ளவர்களும் "நேற்று சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை" என்று முடிவு செய்துவிடுவார்கள். பட்டியலும் அதையேதான் சொன்னது. வயிற்றுக்கு அதில் இடமே இல்லை!

இத்தனைக்கும் கொரோனா வைரஸ் மூக்கிலும் நுரையீரலிலும் மட்டும் குடியிருப்பதில்லை. செல்லுக்குள் நுழைய அது பிடித்துக்கொள்ளும் ஏ.சி.இ.2 என்ற புரதம் சிறுகுடலின் உட்சுவரில் ஏராளமாக இருக்கிறது. சீனாவின் குவாங்சோ நகரில் 2020 தொடக்கத்தில் தொற்று உறுதியான 10 குழந்தைகளைத் தொடர்ந்து பரிசோதித்தார்கள். அவர்களில் 8 பேருக்கு மூக்கு மாதிரியில் வைரஸ் இல்லை என்று வந்த பிறகும், ஆசனவாய் மாதிரியில் இருக்கிறது என்றே வந்துகொண்டிருந்தது. அது மற்றவர்களுக்குத் தொற்றும் என்பதற்கு இது சாட்சியல்ல. ஆனால் வைரஸுக்கும் குடலுக்கும் சம்பந்தம் உண்டு என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

அடுத்த எச்சரிக்கை லண்டனிலிருந்து வந்தது. 2020 ஏப்ரல் நடுவில், பத்தே நாட்களில், எவலினா குழந்தைகள் மருத்துவமனையின் மருத்துவர்கள் 8 குழந்தைகளை ஒரே மாதிரியான நிலையில் பார்த்தார்கள். விடாத காய்ச்சல், வாந்தி, வயிற்று வலி, பேதி, பிறகு ரத்த அழுத்தம் இறங்கி அதிர்ச்சி நிலை. பெரும்பாலானவர்களுக்கு நுரையீரலில் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு குழந்தை இறந்துபோனது. தொற்று வந்து சில வாரங்கள் கழித்து, உடலின் எதிர்ப்புச் சக்தியே நிலை தடுமாறி பல உறுப்புகளைத் தாக்கும் அழற்சி நோய் இது என்பது பின்னர் தெளிவானது. குடல்வால் அழற்சி என்று நினைத்து அறுவை சிகிச்சை வரை போன குழந்தைகளும் உண்டு. அரிதான நோய்தான், ஒமைக்ரானுக்குப் பிறகு இன்னும் அரிதாகிவிட்டது. ஆனாலும் அது பல குழந்தைகளிடம் முதலில் காட்டியது வயிற்றில்தான்.

அதே ஆண்டு பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் தலைமையில், சுகாதாரப் பணியாளர்களின் பிள்ளைகள் 992 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 68 பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. அவர்களில் பாதிப் பேருக்கு எந்த அறிகுறியும் இருந்திருக்கவில்லை. 13 பேருக்கு வயிற்றுக் கோளாறு இருந்திருந்தது. இருமலோ தொற்று வந்த பிள்ளையையும் வராத பிள்ளையையும் பிரித்துக்காட்டவே இல்லை! வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் பட்டியலில் சேர்க்க யோசிக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கேட்டார்கள். அந்த செப்டம்பரில் பள்ளிகள் திறந்தபோதும் பட்டியல் மாறவில்லை.

மறுபக்க வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ரோட்டா வைரஸ், நோரோ வைரஸ், கெட்டுப்போன உணவு என்று குழந்தைக்குப் பேதி வர ஆயிரம் காரணம். வயிறு வலித்த பிள்ளையை எல்லாம் வரிசையில் நிறுத்தினால் பரிசோதனைக் கூடம் தாங்காது. அந்த இலையுதிர் காலத்தில் பிரிட்டன் அந்தத் தட்டுப்பாட்டைக் கண்ணால் பார்த்தது. ஆனால் அதே நியாயம் இருமலுக்கும் பொருந்துமே! பள்ளி திறந்ததும் இருமாத பிள்ளை உண்டா? இருமலைச் சேர்த்தது, வயிற்றை விட்டது ஏன்? பட்டியல் பெரியவர்களைப் பார்த்து எழுதப்பட்டது, குழந்தைகளுக்கும் அதையே மாட்டிவிட்டார்கள் என்பதுதான் பதில். அப்பாவின் சட்டையைப் பிள்ளைக்குப் போட்டுவிட்டு அளவு சரிதான் என்று சொல்வது போல.

கடைசியில் 2022 ஏப்ரலில்தான் வயிற்றுப்போக்கும் வாந்தியும் பிரிட்டனின் அதிகாரப்பூர்வ பட்டியலில் ஏறின. இங்கிலாந்தில் பொதுமக்களுக்கான இலவசப் பரிசோதனை முடிந்ததும் அதே ஏப்ரலில்தான்!

இதில் வீட்டுக்கும் ஒரு பாடம் உண்டு. பேதி எதனால் வந்தாலும் முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். கரைசல்தான். ஆனால் காய்ச்சல் நாள்கணக்கில் விடாமல் இருந்து, வயிற்று வலியோடு கண் சிவந்தாலோ, உடம்பில் தடிப்பு தெரிந்தாலோ, பிள்ளை துவண்டு போனாலோ, "ஒத்துக்கொள்ளாத சாப்பாடு" என்று காத்திருக்கக் கூடாது. சில வாரங்களுக்கு முன் வீட்டில் யாருக்காவது கொரோனா வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அடுத்த தொற்று எப்போது வரும், எந்தப் பெயரில் வரும் என்று யாருக்கும் தெரியாது. அப்போதாவது குழந்தைகளுக்கென்று தனிப் பட்டியல் முதல் நாளே எழுதப்படுமா? தன் நோயைச் சொல்லக் குழந்தைக்குத் தெரிந்த வார்த்தை பெரும்பாலும் ஒன்றுதான். "வயிறு வலிக்குது." அதைக் கேட்க இரண்டு வருடம் ஆகக் கூடாது.