மாட்டுக்கு ஒரு நியாயம், ஆளுக்கு ஒரு நியாயம்



நம் இதழில் அதிகம் பேர் படிக்கிற பக்கம் எது என்று சொன்னால் கதை எழுதுகிற நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். கடைசிப் பக்கத்து வரி விளம்பரம்தான். இதழ் கைக்கு வந்ததும் பின்னாலிருந்து புரட்டுகிறவர்களே பாதிப் பேர். டீக்கடையில் அந்தத் தாள் மட்டும் தனியாகக் கழன்று கைமாறிக்கொண்டிருக்கும். எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. ‘தி இந்து’ நாளிதழே 1958 வரை முதல் பக்கத்தை விளம்பரத்துக்கு விட்டுக்கொடுத்துத்தான் வந்தது. லண்டன் ‘டைம்ஸ்’ 1966 வரை. அவர்களுக்கே அப்படி என்றால் சுங்குவார்சத்திரத்துப் பத்திரிகைக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

அந்தப் பக்கத்தைப் பற்றி இந்த மாதம் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். அதற்கு முன் இரண்டு விளம்பரங்கள். நமக்கு வழக்கமாக வருகிற மாதிரியிலேயே எழுதியிருக்கிறேன்.

முதலாவது: “கறவை மாடு விற்பனைக்கு. ஜெர்சி கலப்பு, மூன்றாம் ஈத்து. கன்று போட்டு இருபது நாள், கிடேரிக் கன்று. காலை 6, மாலை 4 லிட்டர். நாலு காம்பும் சுத்தம், யார் கறந்தாலும் நிற்கும். மகன் கம்பெனிக்குப் போவதால் பார்க்க ஆள் இல்லை. இரண்டு வேளை நேரில் கறந்து பார்த்து வாங்கலாம். புரோக்கர் வேண்டாம்.”

இரண்டாவது: “உடனடி வேலை! முன்னணி மொபைல் கம்பெனிக்கு ஆண், பெண் தேவை. வயது 18–26. +2, ஐடிஐ, டிப்ளமோ, எனி டிகிரி. சம்பளம் 16,000 முதல் 22,000 வரை. சாப்பாடு, ரூம், பஸ் இலவசம். இன்றே இன்டர்வியூ, நாளை ஜாயினிங். உடனே அழைக்கவும்.”

மாட்டு விளம்பரத்தில் எத்தனை ஈத்து, எவ்வளவு பால், என்ன குணம், ஏன் விற்கிறார்கள் என்பது வரை வந்துவிட்டது. இருந்தும் வாங்க வருகிறவர் நம்பிவிடுவாரா? வாயைத் திறந்து பல்லை எண்ணுவார், மடியைத் தொட்டுப் பார்ப்பார், மறுநாள் விடியற்காலை சொம்போடு வந்து நிற்பார். இத்தனைக்கும் விற்பவர் பக்கத்து ஊர்க்காரராகவே இருப்பார்.

வேலை விளம்பரத்தில் எந்தக் கம்பெனி என்பதே இல்லை. பெயர் யாருடைய சம்பளப் பட்டியலில் இருக்கும், கம்பெனியுடையதிலா, கான்ட்ராக்டருடையதிலா? அப்ரண்டிஸா, டிரெய்னியா, கேஷுவலா? பிஎஃப், இஎஸ்ஐ, சாப்பாடு, ரூம் எல்லாம் போக மாசம் கைக்கு எவ்வளவு வரும்? எத்தனை மாசத்துக்கு? ஒன்றுக்கும் பதில் இல்லை. இங்கே பல்லைப் பிடித்துப் பார்க்கப்படுகிறவர் வேலைக்குப் போகிறவர்தான்: வயது, படிப்பு, உயரம், எடை, கண்பார்வை, கல்யாணம் ஆகிவிட்டதா.

இது எப்படி நடக்கிறது என்று நம் பகுதிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. புதிதாக வந்திருக்கும் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று வரிசையாகச் சிப்காட் தொழிற்பேட்டைகள். கம்பெனி தனக்கு இத்தனை ஆள் வேண்டும் என்று கான்ட்ராக்டரிடம் சொல்கிறது. அவர் நாலைந்து கன்சல்டன்சிக்குச் சொல்கிறார். கன்சல்டன்சிக்காரர் திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் ஊருக்கு ஒரு தம்பியைப் பிடித்து வைத்திருக்கிறார். தம்பி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறார். கம்பெனி கேட்ட எட்டு மணி நேர வேலை, ஆறு மாச ஒப்பந்தம், இன்ன பிடித்தம் என்பதெல்லாம் ஒவ்வொரு கைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, கடைசியில் மிஞ்சுவது ஆச்சரியக்குறியும் போன் நம்பரும். வழியில் யாரும் பொய் சொல்லியிருக்கவே தேவையில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் இருக்கும்போது, ஆளை யோசிக்கவைக்கிற வரியை யார் மெனக்கெட்டுச் சுமப்பார்கள்?

இந்தத் துண்டு விளம்பரங்கள் உலகச் செய்தியே ஆயின. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், இங்கே ஐபோன் பூட்டும் பாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குகிறார்கள் என்று எழுதியது. அதற்கு அவர்கள் காட்டிய சான்றுகளில் முக்கியமானவை ஆள் பிடிக்கும் முகவர்கள் போட்டிருந்த விளம்பரங்கள். ‘திருமணம் ஆகாத பெண்கள் மட்டும்’ என்று பச்சையாகவே இருந்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம், ஆள் எடுப்பதில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்கிற 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தின் 5ஆவது பிரிவைச் சுட்டிக்காட்டி, தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. புதிதாக எடுத்தவர்களில் நாலில் ஒரு பங்கு திருமணமான பெண்கள்தான் என்று கம்பெனி தரப்பில் சொன்னதாகவும் செய்தி வந்தது.

அதோடு முடியவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ராய்ட்டர்ஸ் இன்னொரு செய்தி போட்டது: விளம்பரங்களில் வயது, ஆணா பெண்ணா, கல்யாணம் எதையும் குறிப்பிடக்கூடாது என்று முகவர்களுக்குக் கம்பெனி சொல்லிவிட்டது. நல்லது. கூடவே, கம்பெனியின் பெயரையும் போடக்கூடாது என்றும் சொல்லிவிட்டது! கேட்கக்கூடாத கேள்வி போனது சரி. சொல்ல வேண்டிய பதிலும் சேர்ந்தே போய்விட்டது. ‘முன்னணி மொபைல் கம்பெனி’ என்று படிக்கிறபோதெல்லாம் எனக்கு இந்தச் செய்திதான் ஞாபகத்துக்கு வருகிறது.

‘சாப்பாடு, ரூம் இலவசம்’ என்ற வரியையும் விட்டுவிட முடியாது. 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கம் ஒரு விடுதியில் கெட்டுப்போன சாப்பாட்டைத் தின்று, அதே பாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் இருநூற்றுக்கும் மேல் வாந்தி பேதியில் விழுந்தார்கள். நூற்றைம்பதுக்கும் மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளின் கதி தெரியாமல் மற்ற பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த அந்த இரவைப் பார்த்தவர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர். ஆலை சில வாரம் மூடிக் கிடந்து 2022 ஜனவரியில் திறந்தது. அப்புறம் வல்லம் வடகாலில் சிப்காட் 706 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பைக் கட்டியது; 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் அதைத் திறந்துவைத்தார். பெண்கள் ரோட்டில் உட்காராமல் இருந்திருந்தால் அவ்வளவு பெரிய கட்டடம் இவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

எத்தனை மாசத்துக்கு என்ற கேள்விக்கு வருகிறேன். 1981இல் தமிழக அரசு ஒரு சட்டம் போட்டது: 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரம் ஆக்க வேண்டும். இந்த 480 என்கிற எண்ணைத் தெரியாத ஆள் நம் பக்கத்தில் கிடையாது. தெரிந்ததால்தான் அது நெருங்குகிறபோது ‘பிரேக்’ வருகிறது. வேறு கான்ட்ராக்டர் பெயரில், வேறு ஐடி கார்டில், அதே மெஷினுக்கு முன்னால் திரும்ப வந்து நிற்கிறவர்களையும் பார்க்கிறோம். அப்ரண்டிஸாகச் சேர்ந்தால் இந்தக் கணக்கே கிடையாது. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி அவர் பயிற்சி பெறுகிறவர், தொழிலாளி அல்ல. அவர் வாங்குவது சம்பளம் அல்ல, உதவித்தொகை. சேரும்போதே தெரிந்து சேர்ந்தால் தப்பில்லை, தொழில் கற்றுக்கொள்ள நல்ல வழிதான். ஒன்றரை வருஷம் கழித்துத் தெரிந்துகொள்வதுதான் கொடுமை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களின் மேல் ஆயிரம் குறை சொல்லலாம், தொழிற்சங்கத்தார் சொல்லிக்கொண்டும் இருக்கிறார்கள். ஆனால், வேலைக்குச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும் என்ற ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். பழைய பிஎஃப் யுஏஎன் நம்பரையே புது இடத்திலும் கொடுங்கள். கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது நம்பர் போட்டுக்கொண்டு, பணம் எங்கே கிடக்கிறதென்றே தெரியாமல் அலைகிற பிள்ளைகள் எத்தனை பேர்!

மனை விளம்பரத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ‘ஒரகடம் மிக அருகில்’ என்று போட்டால் வாலாஜாபாத்தைத் தாண்டி எங்கேயோ என்று எடுத்துக்கொள்ள நீங்களே பழகிவிட்டீர்கள். 2022இல் பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு வந்த பிறகு, இன்னும் கட்டாத விமான நிலையத்துக்கும் ‘பத்தே நிமிடம்’ ஆகிவிட்டது. ஏகனாபுரத்துக்காரர்கள் தங்கள் நிலம் போகக்கூடாது என்று போராடிக்கொண்டிருக்க, அதே நிலத்தைக் காட்டி அடுத்த ஊர் மனைக்கு விலை சொல்வதைப் பார்த்தால் சிரிப்பும் வரவில்லை. ஆனாலும் மனைக்குச் சட்டம் ஒரு கடிவாளம் போட்டுவிட்டது. அனுமதியில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று 2016இல் சென்னை உயர்நீதிமன்றம் தடைபோட்டது. ரியல் எஸ்டேட்டை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டப்படி பதிவு செய்யாமல் பெரிய மனைப்பிரிவுக்கு விளம்பரமே கொடுக்க முடியாது. பதிவு எண் இல்லாத மனையை நாங்களும் போடுவதில்லை. மண்ணை விற்க எண் வேண்டும். மனுஷனைக் கூப்பிட போன் நம்பர் போதும் என்றால் எப்படி?

டூ-லெட் விஷயத்தில் நம்மவர்கள் மீதே எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. சிப்காட்டுக்கு நிலம் போன பணத்தில் லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டவர்கள் பிழைத்தார்கள், சந்தோஷம். இங்கிருந்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியபோது அந்த வீடுகள் பூட்டிக் கிடந்ததையும், சால்காம்ப் நிறுவனம் அந்த இடத்தை வாங்கிச் சார்ஜர் செய்யத் தொடங்கியபிறகு நிலைமை மாறியதையும் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிற பிள்ளைகள் கொடுக்கும் வாடகையில்தான் பல வீட்டு அடுப்பு எரிகிறது. அப்படியிருக்க, ‘சைவம் மட்டும்’ என்று ஒரு வரியைச் சேர்த்து அனுப்புகிறீர்களே! சமையலைக் கேட்கிற மாதிரி சாதியைக் கேட்கிற வரி அது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஊருக்குள் சேதி சொல்வதில் இந்தச் சாதி விவகாரம் இன்று வந்ததில்லை. ஏரி மீன் குத்தகை, புளியமர மகசூல் ஏலம் எல்லாம் தண்டோரா போட்டுச் சொன்ன காலத்தில், பறை யார் கழுத்தில் தொங்கியது என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2022 ஆகஸ்டில்தான் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, தண்டோரா இனி வேண்டாம், வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லுங்கள் என்று ஆட்சியர்களுக்கு எழுதினார்.

சரி, முடிவு இதுதான். அடுத்த இதழ் முதல் வேலை விளம்பரம் கொடுப்பவர் நாலு விவரம் தர வேண்டும்: சம்பளம் தருவது யார், பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு, எத்தனை மாசம், நிரந்தரமா கான்ட்ராக்டா அப்ரண்டிஸா. கல்யாணம், மதம், சாதி பற்றிய வரிகளையும் ‘சைவம் மட்டும்’ என்பதையும் போடமாட்டோம். வேலைக்குச் சேர முன்பணம் கேட்பவர்களுக்கு இந்தப் பக்கத்தில் இடம் கிடையாது. பெரிய கம்பெனிகள் பலவும் வேலைக்குப் பணம் வாங்குவதில்லை என்று தங்கள் இணையதளத்திலேயே எச்சரித்திருக்கின்றன.

இதை முன்கூட்டியே சொன்னபோது, நெடுநாளாக விளம்பரம் தருகிற ஒரு கன்சல்டன்சி அண்ணன், “சார், இவ்வளவையும் போட்டா ஆளே வரமாட்டாங்க சார்” என்றார். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. சேர்த்துவிட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர். உள்ளதைத்தான் சொன்னார். அவர் விளம்பரம் இனி வராமல் போகலாம்; அந்த வருமானத்தில்தான் காகிதக் கடன் அடைகிறது என்பதும் உண்மை. இரண்டு பக்கம் குறைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று அலுவலகத்தில் பேசி வைத்திருக்கிறோம். சிறுகதை எழுதுகிற நண்பர்கள் பயப்பட வேண்டாம், அந்தப் பக்கத்தில் கைவைக்க மாட்டோம்.

மாடு, ஆடு, வைக்கோல் கட்டு, பழைய மோட்டார், தையல் மெஷின் இவற்றுக்கு வழக்கம்போல் கட்டணமில்லை. 20ஆம் தேதிக்குள் கையால் எழுதிக் கொடுத்தாலும் போதும். வீட்டுக்குக் குடி வந்துவிட்டால் மட்டும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். ஆள் வந்து மூன்று மாதம் ஆகியும் ராத்திரி பதினோரு மணிக்கு ஷிப்ட் முடித்த பிள்ளைகள் கூப்பிட்டு ரூம் காலியா என்று கேட்கிறார்கள் என்று ஒரு அம்மா சண்டைக்கே வந்துவிட்டார்.

அன்புடன்,
ஆசிரியர்